ஜெனியின் பேஸுக்கு எந்தத் தந்தி?

குழு: பாளை வீட்டார் இசைக்கூட்டம்

வெள்ளிக்கிழமை

ஜெனி, மாலை 6.42
மாமா, அத்தான், எல்லோருக்கும் வணக்கம். ஐந்து மாதமாக என் பேஸ் கிட்டாரில் கிடந்த ரவுண்ட்வவுண்ட் தந்திகளைக் கழற்றிவிட்டு, நேற்று முதன்முறையாக ஃப்ளாட்வவுண்ட் தந்திகளைக் கட்டினேன். மாமா பல முறை சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். விலை பழையதைப் போல இரண்டு மடங்கு. வாசித்துப் பதிந்து கேட்டால், பக்கத்து வீட்டில் யாரோ தலையணையைத் தட்டுவது போல இருக்கிறது. நாளை மறுநாள் ஆராதனையில் இதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாசிப்பேன்?

ஜெனி, மாலை 6.43
(ஒலிப்பதிவு, 38 வினாடி)

சாம் அத்தான், மாலை 6.58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சுகந்தி அத்தை, மாலை 6.59
மாப்பிள்ளை, "டோன் செத்துப்போச்சு" என்று நீங்கள் அனுப்பி உடனே அழித்ததை நான் பார்த்துவிட்டேன். இந்தக் குழுவில் முழு வாக்கியமாக எழுதவேண்டும் என்பது கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. முப்பத்தொரு ஆண்டு தமிழ் ஆசிரியையாக இருந்தவளிடம் அந்த வேலை நடக்காது.

சாம் அத்தான், இரவு 7.10
மன்னித்துக்கொள்ளுங்கள், அத்தை. ஜெனி, உன் பதிவைக் கேட்டேன். ரவுண்ட்வவுண்ட் தந்தியில் உட்கம்பியின் மேல் உருண்டையான கம்பியைச் சுற்றியிருப்பார்கள். விரலால் தடவினால் திருகாணியின் மரை போல நெருடும். அந்த நெருடலில்தான் உலோகத்தின் கணீர் என்ற ஓசை இருக்கிறது. ஃப்ளாட்வவுண்டில் சுற்றுக்கம்பி பட்டையான நாடா போல இருப்பதால் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும், மேலே கேட்கவேண்டிய ஓசையும் குறைந்துவிடும். 'தி ஹூ' ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் 1960களில் ரோட்டோசவுண்ட் என்ற தந்தி நிறுவனத்தாரோடு உட்கார்ந்து ரவுண்ட்வவுண்ட் தந்தியைச் செம்மைப்படுத்தியதே, பியானோவின் கீழ்த்தந்திகளைப் போல பேஸ் ஒலிக்கவேண்டும் என்பதற்காகத்தான். நீயோ அதைக் கழற்றி எறிந்துவிட்டாய். அங்குலத்தில் ஆயிரத்தில் 45, 65, 85, 105 பங்கு என்ற தடிப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தந்திகளை உடனே வாங்கிக் கட்டு. அப்போதும் திருப்தி இல்லையென்றால், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மாற்றலாம். அதையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.

பெரிய மாமா, இரவு 7.31
மாப்பிள்ளை, பிக்கப்புக்கு இப்போது போகவேண்டாம். ஜெனி, இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல். எதில் பதிந்தாய்? எதில் கேட்டாய்?

ஜெனி, இரவு 7.33
பழகுவதற்கு வைத்திருக்கும் சிறிய ஆம்ப் ஒலிபெருக்கியின் எதிரே, கட்டிலின் மேல் போனை வைத்துப் பதிந்தேன், மாமா. அதே போனிலேயே கேட்டேன்.

சாம் அத்தான், இரவு 7.34
நானும் போனில்தான் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய மாமா, இரவு 7.58
அப்படியானால் இருவரும் பேஸைக் கேட்கவே இல்லை. உன் பேஸின் தடித்த தந்தியான ஈ தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. சாதாரண கிட்டாரின் தடித்த தந்திக்கு அதைப் போல இரண்டு மடங்கு, 82. போனில் இருக்கும் ஸ்பீக்கர் நகத்தளவுதான் இருக்கும். அது 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. ஆனாலும் ரவுண்ட்வவுண்டில் வாசித்ததைப் போனில் கேட்டால் பேஸ் இருப்பது போலத் தோன்றும். அடிப்படைச் சுரத்தோடு அதன் மடங்குகளான 82, 123, 164 என்று மேலேறும் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. மேலே உள்ளவை மட்டும் காதில் விழுந்தாலே, கீழே விட்டுப்போன சுரத்தை நம் மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். ஃப்ளாட்வவுண்டில் அந்த மேல்சுரங்கள் மெலிந்தவை. போனுக்குக் கீழும் எட்டாது, மேலும் கிடைக்காது. மிஞ்சியது உன் தலையணை.

இதை நான் அறிவியல் புத்தகத்தில் படிக்கவில்லை. எண்பதுகளில் எங்கள் மெல்லிசைக் குழு கல்யாண வீடுகளுக்குப் போகும்போது, பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி எங்கள் மிக்சரிலிருந்து ஒரு வயரை அதற்கும் இழுத்துவிடுவார்கள். மேடையில் என் காலடியில் பலகை அதிரும். தெருவில் நின்று கேட்டவர்களோ, "தம்பி, நீங்கள் கையை அசைப்பது மட்டும்தான் தெரிகிறது" என்பார்கள். பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் நான் வாசிப்பதை ஒருவர் கேட்டார் என்று சொல்லவேண்டும். உன் போனும் வேப்பமரத்துக் குழாய்தான். முதலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள்.

எபி அண்ணன், ஷார்ஜா, இரவு 8.20
நான் ஹெட்போனில் கேட்டேன். ஜி, டி, ஏ மூன்று தந்திகளும் அருமையாக, பழைய தமிழ்ப்பாட்டுகளில் வருவது போல உருண்டு வருகின்றன. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைத் தனியாகவே பாடிவிடலாம் என்று மாமா சொல்வாரே, அது நினைவுக்கு வந்தது. ஆனால் ஈ தந்தி மட்டும் ஒரு சுரத்தில் நிற்காமல் மிதக்கிறது.

சாம் அத்தான், இரவு 8.34
நானும் இப்போது ஹெட்போனில் கேட்டேன். தலையணை என்று சொல்லமுடியாது. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எபி சொல்வது போல ஈ தந்தியில் கோளாறு இருக்கிறது. ஜெனி, டியூனிங் கீ இருக்கும் தலைப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு.

ஜெனி, இரவு 8.36
(படம்)

பெரிய மாமா, இரவு 8.45
டியூனிங் கீயின் கம்பத்தில் இரண்டு சுற்றுகூட முழுதாக இல்லை. கட்டுவதற்கு முன்பே தந்தியை வெட்டினாயா?

ஜெனி, இரவு 8.47
ஆமாம், மாமா. மீதம் அதிகமாக இருந்தது என்று அளந்து வெட்டிவிட்டு, பிறகு கம்பத்தின் துளைக்குள் விட்டு மடக்கினேன். மடக்கும்போது கைக்குள் அது தானாகப் புரண்டது.

பெரிய மாமா, இரவு 9.06
எந்த இடத்தில் வெட்டப்போகிறோமோ அதற்கு முன்னால் தந்தியைச் செங்குத்தாக மடித்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். மடிப்பு இல்லாமல் வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பியும் மேலே சுற்றிய நாடாவும் ஒன்றையொன்று விட்டுவிடக்கூடும். அப்படி நழுவிய தந்திக்கு மருந்து இல்லை. உன்னுடையதில் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன். வெறும் முறுக்கு ஏறியிருந்தாலும் சுரம் இப்படித்தான் மிதக்கும். ஈ தந்தியை முழுக்கத் தளர்த்திக் கம்பத்திலேயே விட்டுவிடு. மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் அதன் குண்டு முனையை மட்டும் வெளியே எடுத்து, இரண்டு விரலில் லேசாகப் பிடித்துத் தொங்கவிடு. ஏறிய முறுக்குத் தானாக இறங்கும். பிறகு குண்டைத் திரும்ப மாட்டி, சுருதிக்கு ஏற்று.

ஜெனி, இரவு 9.31
மாமா, தொங்கவிட்டவுடன் அந்தப் பித்தளைக் குண்டு என் விரலிடுக்கில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது! இப்போது ஈ தந்தி நின்று ஒலிக்கிறது. ஆனால் எல்லாத் தந்திகளும் பழையதைவிட உயரத்தில் இருக்கின்றன. அழுத்தினால் விரல் நுனி வலிக்கிறது.

சாம் அத்தான், இரவு 9.40
இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு பேஸில் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை, அதாவது பேஸின் கழுத்தை, இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஃப்ளாட்வவுண்ட் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால் நெக் வில் போல முன்னால் வளையும், தந்தி மேலே எழும். அந்த இழுப்பை எதிர்த்து நிற்பதற்குத்தான் நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி இருக்கிறது. சுருதி சேர்த்த நிலையில் ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்) ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திக்கொள். நடுவில், ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டின் மேல், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கூடுதலாக இருந்தால், பேஸோடு வந்த ஆலன் கீயை ட்ரஸ் ராடின் முனையில் மாட்டி வலப்பக்கமாகக் கால் திருப்பு திருப்பு. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். இறுகிப்போயிருந்தால் பலம் போடாதே, மாமாவிடம் எடுத்துப்போ.

பெரிய மாமா, இரவு 9.52
மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நெக் சரியாகும்வரை பிரிட்ஜில் கை வைக்காதே. நெக்கை விட்டுவிட்டு பிரிட்ஜைத் திருகியவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

எபி அண்ணன், ஷார்ஜா, இரவு 10.05
என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன். மணிக்கட்டு வலிக்குப் பிறகு நான் தந்தி நீளம் 34 அங்குலமான பேஸை விட்டுவிட்டு 30 அங்குலக் குட்டைப் பேஸுக்கு மாறினேன் என்பது எல்லோருக்கும் தெரியும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸும் குட்டை அளவுதான் என்று தெரிந்தபின் எனக்கு அதில் வெட்கமும் இல்லை. ஆனால் ஃப்ளாட்வவுண்ட் வாங்கும்போது உறையில் உள்ள நீளத்தைப் பார்க்காமல் நீளப் பேஸின் தந்தியை வாங்கிவந்து, தடித்த பகுதியையே கம்பத்தில் சுற்றினேன். மூன்றாம் நாள் நாடா விரிந்து, மீன் செதில் போல விரலைக் கீறியது. பட்டு நூல் சுற்றிய முனைதான் கம்பத்துக்குப் போகவேண்டும், ஜெனி. உன் படத்தில் அது சரியாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை

ஜெனி, காலை 7.15
ஒரே ஒரு கால் திருப்பில் தந்தி இறங்கிவிட்டது. இரவு முழுவதும் விட்டுக் காலையில் பார்த்தும் சுருதி அப்படியே இருக்கிறது. இன்று மாலை ஆலயத்தில் பாடகர் குழுவோடு ஒத்திகை. அத்தான், ஒரு சந்தேகம்: ஆம்ப்பில் உயர்ச்சுரக் குமிழை ஏற்றினால் பழைய கணீர் ஓசை வந்துவிடுமா?

சாம் அத்தான், காலை 8.02
இல்லாத ஓசையைக் குமிழால் கொண்டுவர முடியாது, இரைச்சல்தான் ஏறும். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, இடது கையால் கீழ்ச்சுரங்களை முழுக் கையாக அழுத்திக்கொண்டே இருப்பார். ரவுண்ட்வவுண்ட் அதற்கு மேலே தலையை நீட்டிக்கொள்ளும், ஃப்ளாட்வவுண்ட் அதற்குள்ளேயே மூழ்கிவிடும். நான் ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸையும் (பேட்டரியில் ஓடும் பேஸ்) ஸ்டெயின்லெஸ் தந்தியையும் விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். கட்டைவிரலால் தட்டி வாசிப்பது எனக்குப் பிடிக்கும் என்பது இரண்டாவது காரணம். அவரிடம் அன்பாகப் பேசி, இடது கையை ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே ஏற்றச் சொல்.

பெரிய மாமா, காலை 8.40
அது நல்ல யோசனை. நான் ஒன்று கூட்டுகிறேன். நம் ஆலயத்தின் கூரை உயரம், சுவர் கல். கீழ்ச்சுரம் ஒன்றைத் தட்டினால் அடுத்த சுரம் வந்தபிறகும் அது வெளியே போகாது. ஆகவே உன் கவலை ஓசை போதவில்லை என்பதாக இருக்கக்கூடாது, ஓசை எப்போது நிற்கிறது என்பதாக இருக்கவேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில், புதியதில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் செருகு. தந்தியைத் தொட்டால் போதும், மேலே தூக்கக்கூடாது. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸில் லா பெல்லா ஃப்ளாட்வவுண்டைக் கட்டி, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்து, வலது கையின் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் பல பாடல்களை வாசித்தார். தந்தி அறுந்தாலொழிய அவர் மாற்றமாட்டார்.

சாம் அத்தான், காலை 8.44
ஜேமர்சன் கையும் வேண்டும் அல்லவா, மாமா?

பெரிய மாமா, காலை 8.45
கையைக் கடையில் விற்கவில்லை, மாப்பிள்ளை. ஸ்பாஞ்சு விற்கிறார்கள்.

சுகந்தி அத்தை, இரவு 8.25
ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடுகிறவர்களோடு நிற்கிறவள் என்ற முறையில் ஒன்று எழுதுகிறேன். போன மாதம்வரை ஜெனி வாசிக்கும்போது, விரல் நகரும் கிறீச் ஓசையும் பொதுவான ஓர் உறுமலும்தான் எங்கள் பக்கம் வந்தன. எந்தச் சுரம் என்று தெரியாது. இன்று ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து நின்றது. இரண்டாவது பாடலில் நாங்கள் வழக்கமாகச் சுருதி இறங்கும் அந்த இடத்தில் இறங்கவில்லை. கீபோர்டுத் தம்பி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு கையையும் தூக்கிக்கொண்டார்.

ஜெனி, இரவு 8.37
ஆனால் ஒரு பாட்டுக்கு மட்டும் அத்தான் சொன்னதுதான் சரியாக இருந்தது. வாலிபர் கீதம் வேகமாகப் போகும்போது டிரம்ஸுக்கு அடியில் என் பேஸ் காணாமல் போய்விட்டது. ஸ்பாஞ்சை உருவிவிட்டு, பிக் என்ற மீட்டும் வில்லையை எடுத்து, பிரிட்ஜுக்கு அருகில் அடித்த பிறகுதான் கொஞ்சம் தெரிந்தது.

சாம் அத்தான், இரவு 8.41
அதை நான் ஒரு வெற்றியாகக் குறித்துக்கொள்கிறேன்.

பெரிய மாமா, இரவு 8.50
தாராளமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெனி, வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துண்டால் தந்திகளைத் துடைத்துவிட்டுத்தான் பேஸைப் பையில் வைக்கவேண்டும். நம் ஊர் வியர்வையின் உப்பு ஃப்ளாட்வவுண்டையும் விடாது. கழற்றிய பழைய தந்திகள் எங்கே?

ஜெனி, இரவு 8.52
சுருட்டி, உறையின் மேல் தேதி எழுதி வைத்திருக்கிறேன், மாமா.

சாம் அத்தான், இரவு 8.53
அதை எனக்குக் கூரியரில் அனுப்பிவிடு, ஜெனி. பழைய ரவுண்ட்வவுண்டைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் சுற்றுகளுக்கு இடையில் இறுகிய எண்ணெய்யும் அழுக்கும் வெளியேறி, சில நாட்களுக்காவது கணீர் என்று ஒலிக்கும். என் பழைய நான்கு தந்திப் பேஸில் கட்டிப் பார்க்கிறேன்.

சுகந்தி அத்தை, இரவு 8.55
மாப்பிள்ளை, கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீங்கள் தந்தி கொதிக்க வைத்தது என் இட்லிக் கொப்பரையில்தான் என்பது எனக்கு எப்போதோ தெரியும். கூரியர் உங்களுக்கு வரும்போது, என் மகளிடம் கேட்டு ஒரு பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.