மறு: பாலிமர் களியில் உலோகப் பொலிவு – ‘மைக்கா ஷிஃப்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

கைவினைக் கலைச்சொற்களின் வரைவுப் பட்டியலைப் படித்தேன். பாலிமர் களியில் (பிசைந்து உருவம் செய்து, அடுப்பில் சுட்டால் இறுகும் ஒருவகைப் பிளாஸ்டிக்கில்) உலோகப் பளபளப்பை வரவழைக்கும் எல்லா முறைகளுக்கும் ‘உலோக முலாம்’ என்ற ஒரே சொல் அதில் இருக்கிறது. மைக்கா (அப்பிரகம்) கலந்த களிக்குள்ளேயே உருவம் தோன்றச் செய்யும் ‘மைக்கா ஷிஃப்ட்’ முறைக்கு மட்டும் ‘அப்பிரகப் பெயர்ச்சி’ என்று தனியாகத் தந்திருக்கிறார்கள். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோத்தகிரியில் தோடும் பதக்கமும் செய்து கோடை சீசனில் ஊட்டிக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அவர்கள் கையில் இருக்கும் குறிப்புகளில் நாம் எழுதும் சொற்கள்தான் ஏறப்போகின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முலாம் என்றதும், ஒரு பொருளின் மேல் மெல்லியதாகப் படிந்த உலோகப் பூச்சுதான் நம் நினைவுக்கு வருகிறது. முலாம் பூசிய வளையல் தேய்ந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். களியில் நடப்பவையோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள். சுடாத களியின் மேல் மைக்காப் பொடியை விரலாலோ தூரிகையாலோ தேய்ப்பது ஒரு முறை. அதில் உலோகமே கிடையாது. ரேக்கு, அதாவது மிக மெல்லிய உலோகத் தகடு, ஒட்டுவது இன்னொன்று. பாலியெஸ்டர் படலத்தின் மேல் அலுமினியம் படிந்த ஜிகினாத் தாளைக் களியில் வைத்து அழுத்தித் தேய்த்து, சட்டென்று உரித்து எடுப்பது மூன்றாவது. இம்மூன்றிலும் பொலிவு மேற்பரப்பில் இருக்கிறது. மைக்கா ஷிஃப்டில் மட்டும் அது களியின் உள்ளேயே இருக்கிறது. சுட்டு எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை முழுவதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது. பொடி தேய்த்த தோட்டில் உப்புத்தாள் பட்டால் பொலிவு போய்விடும். அதற்கு வார்னிஷ்தான் காப்பு. உள்ளே மைக்கா உள்ள துண்டையோ 400, 600, 1000 என்ற எண்களில், சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும்படி வரிசையாகத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, பிறகு துணியால் மெருகேற்றினால்தான் அதன் ஆழம் துலங்கும். எல்லாவற்றையும் முலாம் என்று படித்த ஒரு பெண், தேய்க்க வேண்டியதைத் தேய்க்கப் பயப்படுவது இயல்புதானே?

இனி அந்த ‘ஷிஃப்ட்’ என்ன என்பதைப் பார்ப்போம். முத்துப் பொலிவுள்ள களியில் மைக்கா மிக நுண்ணிய தட்டைச் செதில்களாகக் கலந்திருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்தவுடன் செதில்கள் பல திசைகளில் கிடக்கும். களி மங்கலாகவும் வரிவரியாகவும் தெரியும். களியைத் தகடாக்கும் உருளைகள் கொண்ட பாஸ்தா மெஷினில் மடித்து மடித்து ஒரே திசையில் ஓட்டினால் செதில்கள் எல்லாம் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. தகடு முழுவதும் ஒரே சீராக மின்னும், வெட்டிய ஓரம் மட்டும் கறுத்திருக்கும். செதிலின் முகம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, விளிம்பு அனுப்புவதில்லை. இந்தத் தகட்டின் மேல் ஓர் அச்சை ஆழமாக அழுத்தும்போது, பள்ளத்தின் சரிவுகளில் இருக்கும் செதில்கள் சாய்ந்துவிடுகின்றன. மெல்லிய அலகை ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து, மேடாக நிற்கும் பகுதியை மட்டும் சீவி எடுத்த பின் மீண்டும் ஓட்டினால் தகடு சமமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலுக்கு ஒன்றும் தட்டாது. கண்ணைத் திறந்தால் அதே பூ மேடும் பள்ளமுமாக நிற்கும், தகட்டைச் சாய்க்கச் சாய்க்க வெளிச்சமும் இருளும் இடம் மாறும். நிறம் ஒன்றுதான், சாயம் எதுவும் சேர்க்கவில்லை.

‘பெயர்ச்சி’ என்னும் சொல் இதற்குப் பொருந்தாததன் காரணம் இங்கே விளங்கும். பெயர்ச்சி என்றால் ஓரிடம் விட்டு மற்றோரிடம் போவது. குருப்பெயர்ச்சி, நிலப்பெயர்ச்சி எல்லாம் அப்படித்தான். செதில் இடம் பெயரவில்லை, இருந்த இடத்திலேயே புரண்டிருக்கிறது. அது புரண்டதால் ஒளி புரள்கிறது. எனவே சுடுமண், ஊறுகாய் போல வினைத்தொகையாகப் ‘புரளொளி’ என்று வைக்கலாம் என முன்மொழிகிறேன். செதில் புரள்வதையும் ஒளி புரள்வதையும் அந்த ஒரு வினை சேர்த்தே சொல்லிவிடுகிறது. மைக்காவுக்குக் ‘காக்கைப்பொன்’ என்ற அழகான பெயர் நம்மிடம் இருப்பதால் ‘காக்கைப்பொன் புரளொளி’ என்றே முழுப்பெயர் தரலாம்.

இதே இழையில் ஒருவர் மைக்கா ஷிஃப்டுக்கு ‘மயில்கழுத்து’ என்ற சொல்லைப் பரிந்துரைத்திருந்தார். அந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது, ஆனால் இடம் வேறு. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். திருப்பும்போது இரண்டும் மாறி மாறி மேலோங்குகின்றன. புரளொளியில் இரு நிறம் இல்லை. ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காப் பொடிகளில் ஒரு வகை உண்டு. பூச்சின் கனத்தைப் பொறுத்து அவற்றின் நிறம் அமைகிறது. வெள்ளைக் களியில் தேய்த்தால் ஏதோ மாவு பூசியதுபோல் வெளிறியிருக்கும், கறுப்புக் களியில் அதே பொடி பச்சையாகவோ ஊதாவாகவோ சுடர்விட்டு, கோணம் மாறினால் மறைந்துவிடும். ‘மயில்கழுத்துப் பொடி’ என்பது அதற்கென்றே பிறந்த பெயர்.

ஒட்டும் பொருளான ‘கோல்டு லீஃப்’ என்பதற்குத் தந்துள்ள ‘தங்க இலை’ என்பதையும் நீக்கிவிடுங்கள். தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்கள் காலங்காலமாக ரேக்கு என்றுதான் சொல்கிறார்கள். அசல் தங்க ரேக்கின் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும், அது கறுக்காது. கடையில் மலிவாகக் கிடைப்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை ரேக்கு; எங்கள் மலையின் மழைக்கால ஈரத்தில், வார்னிஷ் பூசாமல் விட்டால் கறுத்துப்போகும். ஆகவே ‘தங்க ரேக்கு’, ‘பித்தளை ரேக்கு’ என்று பட்டியல் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். ரேக்கு ஒட்டிய தகட்டை மெஷினில் ஓட்டி நுண்ணிய பிளவுகள் வரவழைப்பதற்கு ‘ரேக்கு விரிசல்’ போதும்.

‘களிமண்’ என்பதைக் ‘களி’ என்று சுருக்கியதை வரவேற்கிறேன். இந்தப் பொருளில் மண்ணே இல்லை, பிவிசியும் அதை இளக்கும் எண்ணெய்ப் பொருளும்தான். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் பெண்கள் மெய்யான மண்ணில் பானை வனையும் மாவட்டத்தில் இந்த வேறுபாட்டைக் காப்பது நல்லது.

— கோத்தகிரியிலிருந்து

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

‘புரளொளி’ எனக்கு உடன்பாடே. ‘காக்கைப்பொன்’ குறித்துத்தான் தயங்குகிறேன். அகராதியில் அதற்கு மைக்கா என்ற பொருளோடு ஜிகினா என்ற பொருளும் உண்டு. நீங்களே ஜிகினாத் தாளைத் தனி முறையாகப் பிரித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார். சித்த மருத்துவத்தில் அப்பிரகம் என்ற சொல் ஐயமின்றி நிலைத்திருக்கிறது. வெறும் ‘புரளொளி’ என்று விட்டால் நாளை யாராவது கிளிஞ்சலின் உட்புறத்துக்கும் அதையே எடுத்துக்கொள்வார்கள்; அடைமொழி கட்டாயம் வேண்டும். மற்றொன்று, சுடுவதற்குப் பட்டியலில் 110 முதல் 135 பாகை செல்சியஸ் என்று இருப்பது பற்றி இங்கே கொடைக்கானலில் ஒரு மாணவி, மலையில் சோறு வேகத் தாமதமாவதுபோல் இதற்கும் நேரம் கூட்ட வேண்டுமா என்று கேட்டார். தண்ணீரின் கொதிநிலைதான் உயரத்தோடு குறைகிறது. களியில் தண்ணீர் இல்லை. உற்பத்தியாளர் சொன்ன வெப்பமும் நேரமும் போதும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

— கொடைக்கானலிலிருந்து

*

ஐயா, ஜிகினா பற்றிய தங்கள் கருத்து வலுவானது, காக்கைப்பொன்னை வற்புறுத்தவில்லை. ஆனால் அப்பிரகம் என்றால் எங்கள் பெண்களுக்கு மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும், பொடி டப்பாவின் மேல் மைக்கா என்றுதான் இருக்கிறது. பதிவை இப்படி அமைக்கலாமா?

மைக்காப் புரளொளி (அப்பிரகப் புரளொளி): களிக்குள் இணையாகப் படிந்த மைக்காச் செதில்களை அச்சால் சாய்த்து, மேட்டைச் சீவிச் சமமாக்குவதால், தட்டையான பரப்பில் புடைப்பாகத் தோன்றும் உருவம். பூச்சு அன்று, தேய்த்து மெருகேற்றலாம்.

கடைசி வாக்கியத்தை மட்டும் யாரும் சுருக்கிவிட வேண்டாம்.

— கோத்தகிரியிலிருந்து