1592 பிராக் நகரில் நடக்கும் கோலெம் நாவல்: மந்திரத்துக்கு விதிகளை எங்கிருந்து எடுப்பது?

மைக்கூடு:
இளையோருக்கான மிகுபுனைவு நாவல், தமிழில். களம் பிராக் நகரின் யூதக் குடியிருப்பு, 1592. அந்த ஆண்டு பிப்ரவரியில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், மஹரால் என்றழைக்கப்பட்ட ரபி (யூத மதகுரு) யூதா லேவைச் சந்தித்தது பதிவான செய்தி. கதை அதை ஒட்டி ஓடுகிறது. நாயகிக்கு 16 வயது, எபிரேய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவள். களிமண்ணில் ஒரு கோலெம், அதாவது மந்திரத்தால் உயிர்பெறும் மண் மனிதன், செய்கிறாள். எதிரி ஒரு திபுக், மனித உடலுக்குள் புகும் ஆவி. கோலெம் செய்யும் முறை பழைய நூல்களில் இருக்கிறதா, இல்லை நெற்றியில் ஒரு சொல் எழுதினால் போதுமா? திபுக்கைப் பேய்களின் அரசன் போலக் காட்டலாமா? விவரம் தெரிந்தவர் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைப்பார்?

முருங்கைமரம்:
நெற்றிச் சொல்லை மட்டும் வைத்து எழுதினால் பொம்மலாட்டம் மாதிரி ஆகிவிடும். முறை இருக்கிறது, அதுவும் கடினமான முறை.

யூதர்களின் பழைய சட்ட, கதைத் தொகுப்பான தல்மூதில் (சன்ஹெட்ரின் 65ஆ) வருவது நாலு வரிதான்: ராவா என்ற ரபி ஒரு மனிதனை உண்டாக்கி ரபி ஸீராவிடம் அனுப்புகிறார். ஸீரா பேச்சுக் கொடுக்கிறார், பதில் இல்லை. "உன் மண்ணுக்கே திரும்பு" என்கிறார். கோலெம் பேசாது என்ற விதி அங்கிருந்து வருகிறது. அதை மீறாதீர்கள். பேசும் கோலெம் வேண்டும் என்றால் அதற்கு நாவலுக்குள் பெரிய காரணம் இருக்க வேண்டும்.

செய்முறையை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வோர்ம்ஸ் நகர எலியேசர் எழுதி வைத்திருக்கிறார். யாரும் தோண்டாத மலைப்பகுதியின் கன்னி மண், அதைப் பிசைய ஊற்றுநீர். தேங்கிய நீரோ குடத்தில் கிடந்த நீரோ ஆகாது. பிறகு ஒவ்வோர் உறுப்புக்கும் எழுத்துச் சேர்க்கைகளை உச்சரிக்க வேண்டும். எபிரேயத்தில் 22 எழுத்துகள், இரண்டிரண்டாகச் சேர்த்தால் 231 இணைகள். இவற்றை 'வாசல்கள்' என்பார்கள். இவை இறைப்பெயரின் எழுத்துகளோடு பின்னி வரும். ஒரு சேர்க்கை பிசகினால் அந்த உறுப்பு பிசகும். தனியாகச் செய்வதை மரபு ஏற்பதில்லை, இரண்டு மூன்று பேர் தேவை. ஆகவே உங்கள் நாயகிக்குக் கூட்டாளி கட்டாயம், அது கதைக்கும் நல்லது.

எது தவறிப்போகும் என்பதற்கும் மூலத்திலேயே விடை உண்டு. மண்ணைச் சுற்றி வரும் திசை முக்கியம். எழுத்துகளை முன்வரிசையில் சொல்லி ஒரு திசையில் சுற்றினால் ஆக்கம், பின்வரிசையில் எதிர்த்திசையில் சுற்றினால் அழிவு. திசை மாற்றிச் சுற்றிய மாணவர்கள் இடுப்பளவு மண்ணில் புதைந்துபோனார்கள், ஆசிரியர் திசையைத் திருத்திச் சுற்றச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தார்கள் என்று ஓர் இடைக்காலக் குறிப்பு சொல்கிறது.

இங்கே உங்கள் அச்சகம் கைகொடுக்கும். ஈய எழுத்தின் முகம் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். களிமண்ணில் அழுத்தினால் நேராகப் பதியும். எபிரேயம் வலமிருந்து இடம் ஓடுவதால், அச்சுக்கோப்புக் கட்டையில் முதல் எழுத்து இடப்பக்கம் நிற்க வேண்டும். பதற்றத்தில் தாளில் படிப்பது போலவே வலப்பக்கமிருந்து அடுக்கினால் பதிவில் வரிசை தலைகீழாகிவிடும். தலைகீழ் வரிசை என்றால் அழிவு வரிசை. கால்களுக்குக் கீழே மண் இளகட்டும். நாயகியின் தொழிலே தவறுக்கும் காரணம், திருத்துவதற்கும் வழி. இதைவிட நல்ல அத்தியாயம் வேறெங்கும் தேட வேண்டாம்.

நெற்றியில் எழுதும் சொல் 'எமெத்', உண்மை. முதலில் வரும் ஆலெஃப் என்ற எழுத்தை நீக்கினால் 'மெத்', செத்தது. போலந்தின் கெல்ம் நகர ரபி எலியாவைச் சுற்றி வழங்கும் கதையில் கோலெம் நாளுக்கு நாள் வளர்கிறது, நெற்றி எட்டவில்லை. காலணியைக் கழற்றச் சொல்லிக் குனியவைத்து எழுத்தை அழிக்கிறார். குவியும் மண் அவரையே நசுக்குகிறது. அதைவிடப் பழைய ஒரு கதையில் கோலெமே கையில் கத்தியோடு எழுந்து தன் நெற்றியின் ஆலெஃபைச் சுரண்டி எறிகிறது. இதை நாவல்களில் அதிகம் காண முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

பனையோலை:
திபுக் பேய் அல்ல, செத்துப்போன மனிதரின் ஆன்மா. பாவத்தால் அடுத்த நிலைக்குப் போக முடியாமல் உயிரோடிருப்பவர் உடலுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதற்குப் பெயர், ஊர், குடும்பம், செய்த குற்றம் எல்லாம் இருக்கும். பேய் அரசன் வேண்டுமென்றால் அஷ்மெதாய் இருக்கிறான். சாலமோன் அரசன் அவனுடைய கிணற்றில் திராட்சை மதுவை நிரப்பி, மயங்கியதும் இறைப்பெயர் பொறித்த சங்கிலியால் கட்டவைத்த கதை தல்மூதில் (கித்தின் 68) விரிவாகவே இருக்கிறது.

ஒரு கால வழு: 1592இல் 'திபுக்' என்ற சொல் இந்தப் பொருளில் வழக்கில் இல்லை, 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. கதைமாந்தர் 'ருவாஹ்', அதாவது ஆவி, என்று சொல்லட்டும். ஆவி ஓட்டும் முறைகள் வலுப்பெற்றது கலிலேயாவின் சஃபேத் ஊரில், ஐசக் லூரியாவின் வட்டத்தில். அவர் இறந்தது 1572. அங்கிருந்து வந்த ஒரு பயணி பாத்திரத்தை வைத்தால் அந்த அறிவு பிராகுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி தீரும்.

ஓட்டுதல் என்றால் சிலுவை, புனித நீர் எதுவும் கிடையாது. வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர், யூத மறைநூலான தோராவின் சுருள், ஷோஃபார் என்ற ஊதுகொம்பு. முதல் வேலை விசாரணை: பெயர் என்ன, என்ன செய்தாய், ஏன் இவளைப் பிடித்தாய்? பெயர் வாங்கும்வரை எதுவும் நகராது. பிறகு பேரம்: உனக்காகப் பிரார்த்திக்கிறோம், போய்விடு. மறுத்தால் சமூக விலக்கு ஆணை, கொம்பொலி. வெளியேறும் வழியையும் கட்டளையில் சொல்லியாக வேண்டும், வழக்கமாகக் காலின் சுண்டுவிரல். சொல்லாமல் விட்டால் தொண்டை வழியாகவோ கண் வழியாகவோ போய் நோயாளியைக் கொல்லும் என்பது அச்சம்.

அந்தக் காலத்தில் பத்துப் பேரில் பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். அதை மறைக்காமல் நாயகியின் தடையாகவே வையுங்கள். பெண்களுக்கென்று தனி மரபு இருந்தது: கிழக்கு ஐரோப்பியப் பெண்கள் நூலால் கல்லறைகளை அளந்து, அந்த நூலைத் திரியாக்கி, இறந்தவர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி யோம் கிப்பூருக்கு (பாவமன்னிப்பு நோன்பு நாள்) மெழுகுவத்தி செய்தார்கள். திபுக்கின் பெயரைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான வழி உண்டா? வழிகாட்டிப் பாத்திரத்துக்கு நிஜ ஆளே இருக்கிறார். ரிவ்கா திக்தினர், பிராகில் பெண்களுக்குப் போதித்தவர், 1605இல் இறந்தார். அவருடைய யித்திஷ் நூல் 1609இல் பிராகிலேயே அச்சானது.

சிறு பேய்கள் வேண்டுமா? ஷேதிம். சிறகு, எதிர்காலம் அறிதல் இவற்றில் தேவதூதர் போல. உண்பது, பெறுவது, சாவது இவற்றில் மனிதர் போல. கட்டிலைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவினால் விடிந்ததும் சேவல் காலடித் தடம் தெரியும் (பெராகோத் 6அ).

தூரிகை:
சொல்லாமல் விட்டவை சில.

மஹராலையும் கோலெமையும் இணைக்கும் கதை 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சில் வருகிறது. கோலெம் இரத்தப்பழியிலிருந்து (யூதர்கள் கிறித்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பொய்ப்பழி) யூதர்களைக் காத்தது, தாதேயூஸ் என்ற பாதிரி வில்லன் போன்றவை 1909இல் வந்த ஒரு நூலின் சரக்கு. அந்த நூல் பழைய கைப்பிரதி என்ற வேடத்தில் வந்தது, உண்மையில் பதிப்பித்தவரே எழுதியது. நாட்டார் மரபு என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள்.

பிராகின் படங்களில் தெரியும் எபிரேய எண் கடிகாரம், பின்னோக்கிச் சுழல்வது, 18ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். 1592இல் கூடாது. யூதக் குடியிருப்புக்கு 'யோசஃபோவ்' என்ற பெயர் 1850க்குப் பிறகு. அன்று அது வெறும் யூத நகர். உருளைக்கிழங்கு அடையும் வேண்டாம், அந்தக் கிழங்கு அங்கே சாப்பாடாக இன்னும் நூறு ஆண்டுக்கு மேலாகும். 'பழைய-புதிய தொழுகைக்கூடம்' என்ற பெயருள்ள யூதக் கோயில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது, தாராளமாக வரலாம். பேச்சுமொழி யித்திஷ், எழுத்து எபிரேயம். நம் வழக்கத்தில் பேத்திக்குப் பாட்டி பெயர் வைத்துவிடுவோம். அஷ்கெனாஸி யூதர், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர், உயிரோடிருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை.

நரகமும் கவனம். யூத மரபின் நரகமான கெஹின்னோம் முடிவில்லாத தீக்குழி அல்ல, தண்டனை பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு மாதத்தில் முடியும். சாத்தானும் கடவுளின் எதிரி அரசன் அல்ல, அவர் சபையில் குற்றம் சாட்டும் வழக்கறிஞர்.

வில்லனுக்கு வளைந்த மூக்கு, தங்கப் பேராசை, குழந்தை இரத்தம், உலகை ஆட்டிவைக்கும் இரகசியக் குழு: இவற்றில் எதுவும் வேறு இனத்துக்குச் சூட்டியும் வேண்டாம். இங்கிலாந்தின் நார்விச்சில் 1144இல் ஒரு சிறுவன் இறந்ததை ஒட்டித் தொடங்கிய பழி இன்றுவரை ஆட்களைக் கொல்கிறது. பூதம், குறளி என்று பெயர் மாற்றினாலும் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

மைக்கூடு:
உச்சக்கட்டம் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் நேரம். ஓய்வுநாள் தொடங்கிய பிறகு அவள் ஆலெஃபை அழிக்கலாமா?

முருங்கைமரம்:
ஓய்வுநாளில் விலக்கிய வேலை வகைகள் 39. இரண்டு எழுத்து எழுதுவதும், இரண்டு எழுத்து எழுத இடம் கிடைக்க அழிப்பதும் அதில் வரும். அழிக்க மட்டும் அழித்தால் முழுக்குற்றம் இல்லை, ஆனாலும் ரபிகள் தடுத்ததுதான். உயிருக்கு ஆபத்து என்றால் தடை எல்லாம் விலகும் (யோமா 85), தயங்குவதே தப்பு. எனவே "அழிக்கலாமா" என்பதில் பதற்றம் நிற்காது. ஆபத்து உண்மையா, யாருடைய உயிர், கோலெமின் உயிர் உயிரா என்ற கேள்வியில் நிற்கும். பின்னாளில் ரபிகள் எழுதிய தீர்ப்புகளிலேயே கோலெமை அழிப்பது கொலையா, அதைப் பிரார்த்தனைக்கு வேண்டிய பத்துப் பேரில் சேர்க்கலாமா என்று விவாதம் உண்டு. அந்த வாதத்தை நாயகியும் கூட்டாளியும் ஏணிமேல் நின்று நடத்தட்டும்.

நேரக் கணக்கு: பிப்ரவரி நடுவில் பிராகில் சூரியன் மாலை ஐந்தேகால் வாக்கில் மறையும். பழைய-புதிய தொழுகைக்கூடத்தில் 92ஆம் சங்கீதத்தை இருமுறை பாடுவதற்கு ஒரு கதை சொல்வார்கள்: முதல் முறை பாடி முடிக்கும்போது கோலெம் வெறிபிடித்தது, ரபி ஓய்வுநாள் இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லி வெளியே ஓடி அடக்கிவிட்டு வந்தார், திரும்பப் பாடினார்கள். உங்கள் நாயகிக்குக் கிடைக்கும் இடைவெளி அந்த இரண்டு பாடலுக்கு நடுவில்தான்.