ஜூலை 31 வாடகை முடியுது, வாங்குற வீட்டின்ர திறப்பு கையில இல்லை. நோட்டீஸ் எப்ப குடுக்கிறது?

வெள்ளவத்தை 3ஆம் மாடி:
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கிறம். மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம், வைப்பு ஆறு மாதக் காசு. 2 வருச அக்ரிமென்ட் ஜூலை 31 ஓட முடியுது. அதில "இரண்டு மாத முன்னறிவித்தல்" எண்டு ஒரு வரி இருக்கு. அப்ப மே 31க்குள்ள கடிதம் குடுக்க வேணும் எண்டு நினைக்கிறம்.

தெஹிவளையில ஒரு தொடர்மாடி வீடு 3 கோடி 50 லட்சத்துக்குப் பேசி முடிஞ்சுது. பாங்க் வாய்மொழியா ஓம் எண்டிருக்கு. விற்கிறவர் ஜூலை 10 உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதலாம் எண்டுறார். ஆனா அவர் அந்த வீட்டிலதான் இருக்கிறார், உறுதிக்குப் பிறகு மூண்டு கிழமை வேணுமாம். வீடு அவற்ற பாங்க்கில ஈட்டிலயும் (அடமானத்தில) கிடக்கு. அம்மா ஆடியில குடிபூர மாட்டன் எண்டு நிக்கிறா. வைப்புக் காசு 7 லட்சத்து 20 ஆயிரம் திரும்பி வந்தா அதை உறுதிச் செலவுக்குப் போடலாம் எண்டு கணக்கு. நோட்டீஸ் குடுக்கலாமா?

உறுதிக்கட்டு:
குடுக்க வேண்டாம். முதலில் அந்த வரியை முழுசாக வாசியுங்கோ. பெரும்பாலான அக்ரிமென்ட்களில் முன்னறிவித்தல் என்பது தவணைக்கு முன்னால் வெளியேறுவதற்கு எழுதினது. தவணை முடிகிற நாளில் குத்தகை தானாகவே முடியும். உங்களுக்கு இப்ப தேவை நோட்டீஸ் இல்லை, நீடிப்பு.

"முடிந்த பிறகும் இருந்தால்" என்று தொடங்கும் வரியையும் தேடுங்கோ. நாளுக்கு இவ்வளவு தண்டம், அல்லது இரட்டை வாடகை என்று இருக்கும். நொத்தாரிசு எழுதின குத்தகை முடிந்தும் வெளிக்கிடாதவரிடமிருந்து வீட்டைச் சுருக்க வழியில் மீட்க 2023 இன் 1ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு. "கொஞ்ச நாள் இழுத்துப் பாப்பம்" என்பது முந்தின காலத்துக் கதை.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேணும். 1840 இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஒரு மாதத்துக்கு மிஞ்சாததுக்கு அது தேவையில்லை. அதனால் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் சாதாரண கடிதம் போதும், இரண்டு பேரும் ஒப்பமிட வேணும். இப்படி எழுதலாம்:

"ஆகஸ்ட் 1 தொடக்கம் 31 வரை, ஒரு மாதம் மட்டும், அதே வாடகைக்கும் அதே நிபந்தனைகளுக்கும் நீடிக்கப்படுகிறது. வைப்புப் பணம் ரூபா 720,000 மாறாமல் வீட்டுக்காரரிடம் இருக்கும். முந்தி வெளியேறினால் மீதி நாட்களின் வாடகை நாட்கணக்கில் திருப்பிக் கொடுக்கப்படும்."

கடைசி வரிக்கு வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் விட்டுடுங்கோ. நாளுக்கு 4,000 ரூபா கணக்கில் பத்து நாள் வீணானாலும் 40 ஆயிரம்தான். சாமானோடு நடுத்தெருவில் நிற்கிற செலவு அதைவிடப் பெரிசு.

கல்கிசை வாசி:
இவ்வளவு எழுத்து எதுக்கு? நல்ல வீட்டுக்காரர் எண்டா வாயால சொன்னாலே ஒரு மாதம் விடுவார்.

உறுதிக்கட்டு:
விடுவார்தான். ஆனால் அடுத்த வாடகையாளர் ஆகஸ்ட் 1க்கு முற்பணம் குடுத்துட்டால் அவர் கையும் கட்டுப்பட்டிடும். கடிதம் அவர் மேல் சந்தேகத்தில் கேட்கிறது இல்லை.

பாங்க் கவுன்டர்:
வாய்மொழிச் சம்மதத்தை வைச்சு ஜூலை 10 என்று நாள் குறிக்க முடியாது. சம்மதக் கடிதம் எழுத்தில் வந்த பிறகும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்க வேணும், பாங்க்கின் சட்டத்தரணி உரித்து அறிக்கை எழுத வேணும். அவருக்குக் காணிப் பதிவகத்தில் எடுத்த தோம்புப் பிரதிகள் (காணி யார் யார் கைமாறினது என்ற பதிவு) வேணும், வழமையாக 30 வருசத்துக்கு. மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரி (சபைக்குக் கட்டுகிற வீட்டு வரி) பற்றுச்சீட்டு, அங்கீகரித்த கட்டட வரைபடம், அதன்படியே கட்டினது என்ற இணக்கச் சான்றிதழ் எல்லாம் கேட்பார். தொடர்மாடி என்றபடியால் பதிவு செய்த தொடர்மாடி வரைபடமும், பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்று தொடர்மாடியை நடத்துகிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் குடுக்கிற கடிதமும் சேரும். சோலைவரி காலாண்டுக்கு வாறது, கடைசிக் காலாண்டு கட்டினதோ என்று பாருங்கோ. இதில் ஒன்று குறைஞ்சாலும் கோப்பு அப்படியே நிக்கும்.

பலர் மறக்கிறது காப்புறுதி. கடனோடு ஆயுள் காப்புறுதி கேட்டால் மருத்துவச் சோதனை வரும். இரத்த அழுத்தம், சீனி கூட இருந்தால் இரண்டாம் அறிக்கை கேட்பார்கள், அதிலேயே இரண்டு கிழமை போகும். சம்மதக் கடிதம் வந்த அன்றே சோதனையை முடிச்சிடுங்கோ.

பாங்க்கிடம் எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்று: காசோலை தாறது உறுதி ஒப்பமிடுகிற மேசையிலா, உங்கட கடனுக்கான ஈட்டு முறி (அடமானப் பத்திரம்) பதிவான பிறகா? பதிவுக்குப் பிறகு என்றால் விற்கிறவர் அன்று திறப்புத் தரமாட்டார், அதில் நியாயமும் இருக்கு. ஜூலையில் எசல போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வருது, அன்று பதிவகம் பூட்டு.

விற்கிறவரின் ஈடு தனி விசயம். கடனை முடிக்க அவர் பாங்க் குடுக்கிற செட்டில்மென்ட் கடிதத்தில் ஒரு திகதி வரைக்கும்தான் தொகை இருக்கும். வட்டி நாளுக்கு நாள் ஏறுகிறதால், உறுதி இரண்டு நாள் பிந்தினாலும் புதுக் கடிதம் எடுக்க வேணும். மூல உறுதியும் அங்கதான் கிடக்கும், ஈடு மீட்பு எழுதாமல் வெளியில் வராது. உங்கள் பாங்க்கும் அவர் பாங்க்கும் நேரடியாகப் பேசினால்தான் இது ஓடும்.

என்ர கணக்கில் உறுதி ஜூலைக் கடைசி. அவருடைய மூன்று கிழமையைக் கூட்டினால் ஆகஸ்ட் மூன்றாம் கிழமை. ஆவணி ஆகஸ்ட் 17 அளவில் பிறக்கும், அம்மாவின் கணக்கும் பாங்க்கின் கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து நிக்குது.

சோலைவரி:
வைப்புக் காசை உறுதிச் செலவில் சேர்க்க வேண்டாம். அது நீங்கள் வெளியேறி, திறப்புக் குடுத்து, கரண்ட், தண்ணி கடைசி பில் கட்டி, வீட்டுக்காரர் சுவரையும் பாத்ரூமையும் பார்த்த பிறகு வாறது. உறுதிச் செலவோ அதுக்கு முந்தி வேணும்.

முத்திரைத் தீர்வை வாங்குகிறவரின் தலையில்: முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடி 50 லட்சத்துக்கு 3,000 + 1,396,000 = 1,399,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், பாங்க்கின் சட்டக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் வேறு. உங்கட 7 லட்சத்து 20 ஆயிரம் நேரத்துக்கு வந்தாலும் பாதிக்குத்தான் காணும்.

விலையைக் குறைச்சு எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதேங்கோ. பிறகு மதிப்பீடு வந்து மிச்சத் தீர்வையைக் கட்டச் சொல்லுவார்கள். பாங்க் கடனும் அந்த எழுதின விலையைத்தான் பார்க்கும்.

வெள்ளவத்தை 3ஆம் மாடி:
மிச்சம் நன்றி. அக்ரிமென்டைப் பாத்தன்: நோட்டீஸ் முந்தி வெளிக்கிடத்தான். தவணைக்குப் பிறகு இருந்தா நாளுக்கு இரட்டை வாடகை. நீடிப்புக் கடிதத்துக்கு வீட்டுக்காரர் சம்மதம், முந்திப் போனா காசு திருப்பித் தரமாட்டாராம். ஒரு கேள்வி: உறுதி எழுதி முழுக் காசும் குடுத்த பிறகு மூண்டு கிழமையில அவர் எழும்பாட்டி?

உறுதிக்கட்டு:
அங்கதான் நீங்கள் மாட்டுப்படுவீங்கள் அக்கா. முழுக் காசும் போன பிறகு அவரை எழுப்ப உங்களிடம் பிடி ஒன்றும் இராது. நல்ல வழி, வீடு வெறுமையான அன்று உறுதி. முதல்நாள் பின்னேரம் போய்ப் பாருங்கோ, கட்டில் கிடந்தால் ஒப்பம் இல்லை. "போய்ட்டம், இரண்டு பெட்டிதான் மிச்சம்" என்ற கதையும் வேண்டாம்.

அவருக்கு உங்கட காசு கிடைச்சால்தான் மற்ற வீடு எடுக்கலாம் என்றால், விற்பனை உடன்படிக்கையில் இதை எழுதுங்கோ: உங்கட பங்குக் காசில் 20 லட்சம் நொத்தாரிசிடம் நிற்கும், திறப்பு வந்த அன்று அவருக்குப் போகும், சொன்ன திகதி தாண்டினால் நாளுக்கு 10 ஆயிரம் அதில் கழியும். பாங்க் காசில் பிடிச்சு வைக்க முடியாது, அதனால் 20 லட்சம் உங்கட பக்கத்திலிருந்துதான். தொகை சின்னனாக இருந்தால் ஆள் அசையமாட்டார். அவர் மனைவி, பிள்ளைகள், வாடகைக்கு இருக்கிற யாரும் உள்ளே இருக்கமாட்டார்கள் என்றும் எழுத வேணும். "வெற்று உடைமை" (ஆளில்லாமல் வீட்டை ஒப்படைக்கிறது) என்று மட்டும் எழுதினால் பிறகு வாதாட இடம் இருக்கும்.

உடன்படிக்கையை நொத்தாரிசு எழுதிப் பதிவு செய்யட்டும். உறுதியும் எழுதின அன்றே அல்லது அடுத்த வேலை நாளில் பதிவகத்துக்குப் போக வேணும். பிந்தி எழுதின ஒன்று முந்திப் பதிவானால் உங்களுடையது கீழே போகலாம்.

சோலைவரி:
இரண்டு சின்ன விசயம். திறப்பு வாங்குகிற அன்று கரண்ட் மீற்றரையும் தண்ணி மீற்றரையும் படம் எடுங்கோ, இலக்கம் தெரியவேணும். பழைய பாக்கி கணக்கோடுதான் ஒட்டிக்கொண்டு வரும், ஆளோடு போகாது. வெள்ளவத்தை வீட்டிலும் வெளிக்கிடுகிற அன்று அதே மாதிரி எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கோ.

மற்றது லிப்ட். பல தொடர்மாடிகளில் சாமான் ஏத்த முகாமையிடம் நாள் எழுதி வைக்க வேணும், ஞாயிறும் போயாவும் விடமாட்டார்கள். ஆவணி பிறந்த முதல் கிழமைக்கு எல்லாரும் ஒரே நாளைத்தான் கேட்பார்கள். பால் காய்ச்சுகிற நாளையும் லொறி வாற நாளையும் ஒன்றாக்க வேண்டாம். நல்ல நேரத்தில் ஒரு பானையும் விளக்கும் போனால் காணும், அலுமாரி இரண்டு நாள் கழிச்சுப் போகலாம்.

வெள்ளவத்தை 3ஆம் மாடி:
அம்மாட்ட இதைச் சொன்னன், சம்மதிச்சிட்டா. 20 லட்சக் கதையை விற்கிறவரிட்ட லோயர் மூலமாக் கேக்கிறம்.