இல்லாத ராக் குழுவுக்கு உறையும் சுவரொட்டியும்: உறுப்பினர் அனுபவங்கள்

கோலாலம்பூர் உறுப்பினர்

வடிவமைப்புப் படிப்பின் இறுதி ஆண்டில் எங்களுக்குத் தரப்பட்ட பணி இது: உலகில் எங்கும் இல்லாத ஒரு ராக் குழுவைக் கற்பனை செய்துகொண்டு, அதன் முதல் இசைத்தட்டுக்கு உறையும், மேடை நிகழ்ச்சிக்கு ஏ2 அளவில் ஒரு சுவரொட்டியும் செய்ய வேண்டும். பாட்டு தேவையில்லை. வகுப்பில் பலரும் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். நான் என் குழுவுக்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்தேன். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பால்மரம் சீவுபவர்கள் விடியும் முன்னே களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுப்பார்களே, அதுதான் பெரட்டு. ஆங்கிலேயத் துரைமார் சொன்ன 'பரேட்' எங்கள் மக்கள் வாயில் இப்படி உருமாறி நிலைத்துவிட்டது.

என் கற்பனையில் அந்தக் குழுவில் நான்கு இளைஞர்கள். தோட்டத்தை விட்டுச் செந்தூல் ரயில் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்கள், 1979இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர்கள். இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகும் முதல் மூன்று வாரம் நான் வரைந்ததெல்லாம் வீணாயிற்று. கிட்டாரிலிருந்து பால் வடிவதுபோல் ஒன்று, மண்டையோட்டின் கையில் உளியைக் கொடுத்து ஒன்று. விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தை வேறு எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், இவர்களுக்கு மட்டும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அன்றிரவே பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன்.

பாட்டி இருபத்தாறு ஆண்டுகள் மரம் சீவியவர். பெரட்டில் யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்டபோது, வாயால் சொல்லிப் பார்த்து, அது போதாமல், ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை எடுத்துவந்து தரையில் விரித்த நாளிதழின்மேல் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார். இது கங்காணி, இது பேரேட்டோடு நிற்கும் கிராணி, இந்த வரிசை பெண்கள், அந்த வரிசை ஆம்பளைங்க. ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு விளக்கு எரியுமாம். முகம் தெரியாதாம், விளக்குதான் தெரியுமாம். இரண்டாம் வரிசையில் ஓர் இடத்தைத் தாண்டி அடுத்த கொட்டையை வைத்தார். தவறிவிட்டதோ என்று நான் அதை நிரப்பப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது வராதவங்க எடம்மா. வராட்டி எடம் சும்மாவே கெடக்கும். அதப் பாத்துத்தான் கிராணிக்குத் தெரியும்" என்றார்.

உறை அந்த நாளிதழின்மேல் அப்போதே முடிந்துவிட்டது. 31.5 சென்டிமீட்டர்ச் சதுரம் முழுவதும் கறுப்பு. அதில் பாட்டி வைத்த அதே இடங்களில் முப்பத்தொரு சிறிய வெள்ளைப் புள்ளிகள். நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஒரு வெற்றிடம். முன்னட்டையில் குழுவின் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இதற்கு முன்மாதிரி உண்டு. அதே 1979இல் இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பத்துக்குப் பீட்டர் சாவில் அமைத்த முன்னட்டையில் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை; ஒரு பல்சார் விண்மீனின் அடுத்தடுத்த துடிப்புகள் வெள்ளைக் கோடுகளாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். இசைத்தட்டைக் கையில் எடுத்தவர் திருப்பிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்வார். ஆனால் சுவரொட்டியைத் திருப்பிப் பார்க்க முடியாது. சாலையின் எதிர்ப்பக்கத்தில் நடந்து போகிறவருக்குப் பெயர் ஒன்றுதான் போய்ச் சேரும். ஆகவே உறையில் சொல்லாமல் விட்ட பெயரைச் சுவரொட்டி முழுக்குரலில் சொல்லியாக வேண்டும். என் உண்மையான சோதனை அங்கேதான் தொடங்கியது.

முதலில் கணினி எழுத்துருக்களில் தேடினேன். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் எழுத்துருக்கள் உலகெங்கும் ஆப்பிள் கணினிகளில் இருக்கின்றன. படிப்பதற்கு அவை எனக்கு நாள்தோறும் துணை. ஆனால் பத்தி பத்தியாகப் படிக்க அமைந்த எழுத்தை இரண்டடிச் சுவரொட்டிக்குப் பெரிதாக்கும்போது அது கத்துவதில்லை, பெரிய அளவில் அமைதியாகவே நிற்கிறது. 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் வெஸ் வில்சன் வரைந்த கச்சேரிச் சுவரொட்டிகளைப் போல எழுத்துகளை உருக்கி ஒரு தீப்பிழம்பின் வடிவத்துக்குள் அடைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அது தாங்கும், ஏனென்றால் கண் சொல்லின் உருவத்தை எப்படியாவது பிடித்துக்கொள்கிறது. தமிழில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி கரைந்துபோனால் 'பெரட்டு' 'பெரடடு' ஆகிவிடுகிறது. சொல்லே உயிரை விட்டுவிடுகிறது.

வேறு வழி தெரியாமல் ஓர் எழுத்துருவையே தடிப்பாக்கிச் சோதனைக்காக ஐந்து தாள் அச்சடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் தம் கணினியில் கோப்பைத் திறந்து அச்சடித்துத் தந்தபோது, பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. இன்றைய யூனிகோடு முறையில் கணினி நினைவகத்தில் அந்தக் கொம்பு பகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை; சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காது. எழுத்தை வெளிக்கோட்டு ஓவியமாக மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. தமிழில் அச்சுக்குக் கொடுக்கும் யாரும் இதை மறக்கக் கூடாது. ஐந்து தாளிலும் என் குழுவின் பெயர் உடைந்து கிடந்ததைப் பார்த்தபோது, இந்தச் சொல்லைக் கையாலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மாமா என்னைச் செந்தூலில் இருக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். நாற்பது ஆண்டுகள் கடைப்பலகை எழுதியவர். கை இப்போது லேசாக நடுங்குகிறது, தூரிகை தகட்டைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. நான் பெயரைச் சொன்னதும், "நல்ல பேரும்மா. பானா, ரானா, டானா, எல்லாம் நிமிந்து நிக்கிற எழுத்து. கொம்பும் கடைசி டுவும் மட்டும்தான் வளையும்" என்றார். நான் மூன்று வாரம் பார்த்தும் காணாததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைத் துத்தநாகத் தகட்டின்மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி, மேலும் கீழும் இரண்டு கோடுகள் போட்டார். முதலில் எழுத்தை எழுதவில்லை. எழுத்துகளுக்கு நடுவே வரவேண்டிய காலி இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்தார். "டன்னாவும் டுவும் ஒட்டி நிக்கணும். நடுவுல காத்து போச்சுன்னா சத்தம் போயிரும்" என்றார். ரகரத்தின் காலை மட்டும் நான் கேட்டுக்கொண்டபடி சாய்வாக, இடமேலிருந்து வலக்கீழாக, மரப்பட்டையில் உளி இறங்கும் சரிவில் இழுத்துக் கொடுத்தார்.

தூரிகையைக் கழுவும்போது, இந்தக் குழு எங்கே வாசிக்கிறது என்று கேட்டார். அப்படி ஒரு குழுவே இல்லை, இது பாடத்துக்காக என்றேன். எனக்கு உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதனால என்னம்மா? கடை தொறக்கிறதுக்கு முன்னாடியேதான் போர்டு எழுதுவோம். நான் எழுதுறப்ப எந்தக் கடையும் இருந்ததில்ல" என்றார்.

பின்னட்டைக்கான பாடல் தலைப்புகளையும் அவரே எழுதித் தந்தார்: 'நாலரை மணி', 'மங்கு', 'தலைவிளக்கு', 'மழை நாள்' என்று முதற்பக்கத்துக்கு நான்கு. அவற்றின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தே வைத்தேன், இருபது நிமிடம் ஐந்து வினாடி. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஒலி மெலிந்துபோகும் என்பதைத் தட்டு கேட்பவர்கள் அறிவார்கள். 'தலைவிளக்கு' என்பதில் ஓர் எழுத்தை மட்டும் கணினியில் ஏற்றும்போது இன்றைய வழக்குக்கு ஏற்பத் திருத்திக்கொண்டேன்.

சுவரொட்டியைப் புடுவில் ஒரு சந்தில் இருக்கும் சில்க் ஸ்கிரீன் பட்டறையில், கறுப்புத் தாளில் வெள்ளை மையால் அடித்தோம். வழக்கமான நான்கு வண்ண அச்சில் வெள்ளை மை கிடையாது, தாளின் வெண்மையே வெள்ளை. எனக்கோ இருட்டிலிருந்து எழுத்து வெளியே வர வேண்டியிருந்தது. கறுப்புத் தாள் வெள்ளை மையைக் குடித்துவிடும் என்பதால் ஒரே இடத்தில் இரண்டு தடவை இழுக்க வேண்டும். இரண்டாம் இழுப்பு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் டகரத்தின் புள்ளி இரட்டையாகத் தெரியும். முப்பது தாளில் பதினொன்றைக் கழித்தோம். மீதியில் ஒன்று பாட்டியின் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பினாங்கு உறுப்பினர்

உங்கள் பதிவைப் படித்ததும் என் அனுபவத்தை எழுதத் தோன்றியது. நண்பர்கள் எடுத்த குறும்படத்துக்காக, 1974இல் ஜார்ஜ்டவுனில் வாசித்ததாகக் காட்டப்படும் ஒரு கற்பனைக் குழுவுக்கு நான் சுவரொட்டி செய்தேன். பினாங்கில் அந்தக் காலத்து இசைக்குழு என்றால் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் எலிகேட்ஸ்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆகவே அவர்களுடைய புசுபுசு முடி ஒரு நிழலாகக்கூட என் படத்தில் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கற்பனைக் குழு இரவல் முகத்தோடு நிற்கக் கூடாது.

காலத்தைச் சரியாகப் பிடிப்பதில் மிகவும் பாடுபட்டேன். நுழைவுக் கட்டணத்தை முதலில் 'ரி.ம. 2' என்று போட்டிருந்தேன். நம் நாட்டில் அந்தக் குறியீடு 1993இல்தான் டாலர்க் குறியின் இடத்துக்கு வந்தது. உடனே '$2' என்று மாற்றினேன். தாளைத் தேநீரில் நனைத்துக் காயவைத்தேன், மடிப்புகளை உரசி மங்கவைத்தேன். இனி யாரும் குறை சொல்ல முடியாது என்ற நம்பிக்கையோடு, படப்பிடிப்புக்கு முதல் நாள் லெபோ பசாரில் ஒரு கடைத் தூணில் ஒட்டிப் பார்த்தோம்.

அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு 'கலை இரவு' என்ற வரியில் விரலை வைத்து, "தம்பி, இது அந்தக் காலத்து நோட்டீசு இல்ல. இந்த லையைப் பாருங்க. நாங்க படிச்சது தும்பிக்கை வெச்ச லை" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அப்போது அந்தந்த எழுத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை தூக்கியதுபோல் ஒரு வளைவோடு எழுதப்பட்டன. ணா, றா, னா என்பனவும் தனிக் கால் இல்லாமல் கீழே சுழித்து எழுதப்பட்டன. தமிழ்நாட்டு அரசு இவற்றை மாற்றி ஆணையிட்டது 1978இல். அதன் பிறகும் கைப்பழக்கம் எல்லா இடத்திலும் உடனே மாறிவிடவில்லை. இன்றைய எழுத்துருக்களில் அந்த வடிவங்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே அந்த இரவே அவ்வரியைக் கையால் வரைந்து, தாளை மறுபடி தேநீரில் நனைத்தேன். மறுநாள் அந்தப் பெரியவருக்கு ஒரு படி கொடுத்தேன். லையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்து, தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

கோலாலம்பூர், இன்னோர் உறுப்பினர்

நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். இன்று கேட்பவர்களில் பெரும்பாலோர் உறையைக் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நக அளவில்தான் பார்க்கிறார்கள். என் உறவினர் மகன் தன் கற்பனைக் குழுவுக்கு மிக நுட்பமான கோட்டோவியம் ஒன்றை மூவாயிரம் பிக்சல் சதுரத்தில் வரைந்திருந்தான். கைப்பேசியில் அது சாம்பல் நிறக் கறை. வரைந்து முடித்ததும் அல்ல, வரையும்போதே அவ்வப்போது சிறிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். முப்பத்தொரு புள்ளி உறையை நானும் மனத்துக்குள் சிறிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகள் மங்கினாலும் அந்த வெற்றிடம் நிற்கும் என்றே நினைக்கிறேன். அதைச் சுற்றியுள்ள விளக்குகளை மட்டும் ஒரு மாத்திரை பெரிதாக்கலாம்.

கோலாலம்பூர் உறுப்பினர், மறுபடியும்

பினாங்கு நண்பரின் பதிவைப் படித்ததும் துத்தநாகத் தகட்டை எடுத்துப் பார்த்தேன். 'தலைவிளக்கு' என்பதில் பெரியவர் எழுதியிருப்பது தும்பிக்கை வைத்த லை. குழு 1979இல் தட்டு வெளியிட்டது என்று நான் அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் கை அந்த ஆண்டுக்கு உரிய எழுத்தை எழுதியிருக்கிறது. நானோ அதைப் பழைய பழக்கம் என்று நினைத்துக் கணினியில் 'திருத்தினேன்'. பின்னட்டையின் திரைச் சட்டத்தைக் கழுவிவிட்டு, தகட்டில் இருக்கும் அவருடைய எழுத்தையே மறுபடி படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை புடுவில் மீண்டும் அடிக்கிறோம்.