கொல்லிமலை இறக்கத்தில் பஞ்சாய்ப் போன பிரேக்: உங்கள் அனுபவம் என்ன?

நாமக்கல் வாசி:

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்கக் குடும்பத்தோடு கொல்லிமலை போயிருந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா. வண்டி 2016இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஓர் அன்னாசிப்பழ மூட்டையோடு பிற்பகலில் இறங்கத் தொடங்கினோம்.

அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். விழாக் கூட்டம் என்பதால் வளைவுக்கு வளைவு நிற்க வேண்டியிருந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தது. பாதி மலை இறங்கியிருப்போம், கருகல் வாசம் வந்தது. முன்னால் போகும் பஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பஞ்சுப் பொதியில் கால் வைத்ததுபோல் பெடல் உள்ளே போய்விட்டது. மூன்று நான்கு முறை விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், கூடவே கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சுவர் ஓரமாக அகலமான இடத்தில் நிறுத்தினேன். வழி முழுக்க எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டு வந்த அப்பா அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் அன்னாசியைக் காலி செய்தார்கள். மீண்டும் மிதித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் கெட்டியாக நின்றது! மீதி வளைவுகளை முதல் இரண்டு கியர்களிலேயே இறங்கிக் காரவள்ளி வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார். புதியது வெளிர்மஞ்சளாக இருக்குமாம். என்னுடையது இரண்டாம் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. சர்வீஸ் ரசீதுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒரு முறை மேலாக ஊற்றிய கணக்கு இருக்கிறது, மாற்றிய கணக்கு இல்லை. உறை பிரிக்காமல் வைத்திருந்த கையேட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள்.

டயர், என்ஜின் ஆயில், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) என்று இதுபோல் உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

கோவை பழைய பட்டறைக்காரர்:

தம்பி, பிள்ளைகுட்டியோடு பத்திரமாக இறங்கினீர்களே, அதுவே பெரிது.

பிரேக் ஆயில் என்று பெயர்தான் ஆயில். அது எண்ணெயே கிடையாது. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். டப்பாவில் டாட் 4 என்று தரக்குறி போட்டிருந்தால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். மூன்றரை, நான்கு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205ம் 140ம். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்ததெல்லாம் குமிழியை நசுக்கத்தான் போனது. ஆறியதும் குமிழி கரைந்து பெடல் திரும்பி வந்தது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு நோய். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள்.

நியூட்ரல் விஷயத்தில் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கார்புரேட்டர் காலத்தில் அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. இன்றைய இன்ஜெக்டர் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு.

என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டி இன்னும் மறக்கவில்லை. டிரைவர் பையன் பிரேக் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதே என்று கையில் கிடைத்த என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டான். இரண்டே நாளில் உள்ளே இருந்த ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊறிய அப்பளம்போல் உப்பிவிட்டன. பிரேக் பிடித்தது, விடவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி நான்கு சக்கரத்து ரப்பர் வரை எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களைக் கழுவிக் கொடுத்தேன். ஊற்றியது கால் டம்ளர் இருக்கும்.

வேளச்சேரி வாசகி:

என் கதை டயர். இரண்டு டயர் தேய்ந்திருந்தன, இரண்டு சுமார். மழைக்காலத்துக்கு முன் இரண்டு மட்டும் புதிதாக வாங்கினேன். கடைக்காரர் புதியவற்றை முன்சக்கரத்தில் போட்டு, சுமாராக இருந்தவற்றைப் பின்னுக்குத் தள்ளினார். முன்சக்கரம்தானே இழுக்கிறது, திரும்புகிறது, அங்கேதான் நல்ல டயர் வேண்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் லேசான வளைவு. வேகம் 70தான் இருக்கும். சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்சக்கரங்கள் தண்ணீரை அழகாகக் கிழித்துக்கொண்டு போய்விட்டன, பின்சக்கரங்கள் மிதந்துவிட்டன. வண்டியின் வால் என்னை முந்திக்கொண்டு வந்தது. அரை வட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றேன். எதிரே வண்டி வரவில்லை. அதைத் தவிர வேறு எதுவும் என்னைக் காப்பாற்றவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் அடக்க முடியாது. அதனால் இரண்டு மட்டும் வாங்கினால் புதியவை பின்னுக்குத்தான் போக வேண்டும். டயர் நிறுவனங்களே இதைத்தான் சொல்கின்றன. இதை நான் சொன்னால் இன்றும் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். என் கணவர் உட்பட.

அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். என்னுடையதில் 1219. அதாவது 2019ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. நான் வாங்கியது 2023 அக்டோபரில்! கடையில் போய்க் கேட்டதற்கு, கிடங்கில் இருந்த டயர் ஓடாத டயர்தானே என்று பதில் வந்தது. வெயில் படாமல் வைத்திருந்தால் அவ்வளவு கெடாது என்பது உண்மைதான். ஆனால் நான்கு வயதான ரப்பருக்கு ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்? இப்போதெல்லாம் வண்டியில் மாட்டுவதற்கு முன்பே அந்த இலக்கத்தைப் படித்துவிடுகிறேன்.

வைகைக்கரை:

பட்டறை ஐயா சொன்ன நியூட்ரல் கதை போலத்தான் எங்கள் ஊரிலும் பழைய பாடம் ஒன்று உண்டு: மதுரை வெயிலுக்குக் கெட்டி என்ஜின் ஆயில்தான் நிற்கும். இலவச சர்வீஸ் முடிந்ததும் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். கையேட்டில் 0டபிள்யூ-20 என்றிருந்தது. அவர் அதைத் தண்ணீர் என்று தள்ளிவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று ஓசை. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 16க்கு வந்தது. வண்டி அடக்கமாக ஓடுகிறது என்றார் அவர். மந்தமாக ஓடியது என்பது என் கணக்கு.

பொறியியல் படிக்கும் அக்கா மகன்தான் விளக்கினான். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதை. வெளியே மதுரையோ கொடைக்கானலோ, சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் இருப்பதால் ஓடும் என்ஜினுக்குள் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இந்த என்ஜினின் இடைவெளிகளை மெல்லிய ஆயிலுக்கென்றே நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். அதில் போய்க் கெட்டி ஆயிலை ஊற்றி, ஊர் வெயிலைக் காரணம் சொல்கிறோம்.

பழைய வண்டிப் பிரியன்:

வைகைக்கரை நண்பருக்கு ஒரு மறுப்பு. என்னிடம் இருப்பது டீசல் அம்பாசடர். அதில் மெல்லிய ஆயில் ஊற்றினால் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிடும். அதற்குக் கெட்டி ஆயில்தான் சரி, அதன் கையேடும் அதைத்தான் சொல்கிறது. மெக்கானிக் சொன்னது பொய்யில்லை, வேறு வண்டிக்கான உண்மை.

வைகைக்கரை:

ஒப்புக்கொள்கிறேன். அந்த மெக்கானிக்கின் அப்பா அம்பாசடர் பட்டறைதான் வைத்திருந்தார்.

மொன்றியல் தமிழன்:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முதலில் ரொறன்ரோவில் இருந்தேன். அங்கே குளிர்கால ரயர் கட்டாயமில்லை. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று எழுதிய ரயர் இருக்கும்போது இன்னொரு நாலு ரயருக்கு ஏன் காசு என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு தை மாதம், ஸ்காபுரோவில் சிவப்பு விளக்குச் சந்தி. பிறேக் பிடித்தேன், சில்லு நின்றது, கார் நிற்கவில்லை. மெதுவாக, மிக மரியாதையாக, முன்னால் நின்ற வான் வண்டியின் பின்பக்கத்தில் போய் முட்டினேன்.

சாதாரண ரயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட அடையாளம் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இப்போது நான் இருக்கிற கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம்.

கண்ணாடி கழுவும் திரவத்தையும் சொல்ல வேண்டும். கோடையில் விட்ட மலிவான நீலத் தண்ணீரோடு 401 நெடுஞ்சாலையில் போனேன். முன்னால் போன லொறி உப்புச் சேற்றை வாரி இறைத்தது. விசையை அழுத்தினேன், கண்ணாடியில் பட்ட திரவம் பட்ட இடத்திலேயே உறைந்து வெள்ளைத் திரையானது. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியபடி ஓரம் கட்டினேன்.

பரமக்குடிக்காரன்:

எங்களுக்கு உறைகிற கவலை இல்லை, கொதிக்கிற கவலைதான். குளிர்நாட்டுக்காரனுக்குத்தான் கூலன்ட் என்று நினைத்து இரண்டு வருடம் ரேடியேட்டருக்கு வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன். எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு, வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஏறிவிட்டது. மானாமதுரை தாண்டி முள் சிவப்பைத் தொட்டது. அவசரக்கார மைத்துனன் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்தான். உள்ளே அழுத்தத்தில் இருந்த கொதிநீர் அவன் முழங்கை வரை வெந்துபோகச் செய்தது. கை ஆற ஒன்றரை மாதம், சூட்டில் போன ஹெட் கேஸ்கட்டுக்கு (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பன்னிரண்டாயிரம்.

பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் தண்ணீரைவிடச் சில டிகிரி தாமதமாகத்தான் கொதிக்கிறது. எங்கள் ஊருக்கு அதைவிட முக்கியம், அது துருவையும் உப்புப் படிவையும் தடுப்பதுதான். கலந்தே விற்பதை வாங்குகிறேன். தனியாக வாங்கினால் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குகிறேன். நிறத்தை நம்பாதீர்கள். பச்சையும் ஆரஞ்சும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு வேறு வகையைக் கலந்து கஞ்சிபோல் திரண்ட ரேடியேட்டரை, என் வண்டியைச் சரிசெய்த பட்டறையில் பார்த்தேன்.

திருப்பூர் டீசல்:

நான் செய்த தவறு சிறியது, வெட்கம் பெரியது. என் பிஎஸ் 6 (இந்தியாவின் புகை அளவு விதி) டீசல் வண்டிக்குப் புகை சுத்திகரிக்க 32.5 சதவீத யூரியா கரைசல் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பக்கத்து மூடியைத் திறந்து டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டேன். நல்லவேளை, ஸ்டார்ட் செய்யவில்லை. தொட்டியைக் கழற்றிக் கழுவியதோடு போயிற்று. ஸ்டார்ட் செய்திருந்தால் பம்பும் இன்ஜெக்டரும் போயிருக்கும் என்றார்கள்.

நாமக்கல் வாசி:

எல்லாருக்கும் நன்றி. வாசகி அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தேன். நான்கும் 2021. ஸ்டெப்னி மட்டும் 2016, வண்டியோடு வந்தது. அதை இதுவரை தரையில் வைத்ததே இல்லை. ரப்பரில் மயிரிழை வெடிப்புகள். ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் காற்று 33 என்றிருக்கிறது. நானோ டயரில் அச்சிட்டிருந்த உச்ச அளவைப் பார்த்து 40 அடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மறுபடியும் மலைக்குப் போனோம். இரண்டாவது கியரில் இறங்கினேன், பெடலை வளைவுகளில் மட்டும் தொட்டேன். கியரில் இறங்கினால்தான் பெட்ரோல் மிச்சம் என்று பட்டறை ஐயா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டியிருந்தேன். முப்பதாவது வளைவு வரை மௌனமாக வந்தவர், பிறகு சொன்னார்: "அதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்."