எஸ்டிபி எப்படி எஸ்டிஏ ஆனது?

கேள்வி (பாளையங்கோட்டை):
அண்ணாச்சிமாரே, கடைக் கணினியில் லினக்ஸ் போட்டு, பழைய பில்கள் இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்கை எஸ்டிபி1 (sdb1) என்று எஃப்எஸ்டேபில் (fstab, எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) எழுதி வைத்திருந்தேன், நேற்று ரீபூட் செய்ததும் அது எஸ்டிஏ1 ஆகிவிட்டது. பில்கள் போய்விட்டனவா?

பதில் (அம்பாசமுத்திரம்):
பயப்படாதீர்கள், பத்திரமாகத்தான் இருக்கும். டெவ் (/dev) அடைவில் எஸ்டிபி1 என்று இருப்பது டிஸ்க் அல்ல, லினக்ஸின் மையமான கர்னலுக்குப் போகும் வாசல் போன்ற ஒரு கோப்பு. அந்தக் கோப்பு சுமப்பது இரண்டு எண்களைத்தான், எஸ்டிபி1 என்றால் 8, 17. 8 டிஸ்கை இயக்கும் டிரைவரைக் காட்டும், ஒரு டிஸ்குக்கு 16 எண்கள் என்பதால் 17 இரண்டாவது டிஸ்கின் முதல் பார்ட்டிஷன் (பகுதி). ஏ, பி எல்லாம் கர்னல் டிஸ்குகளைக் கண்டுபிடித்த வரிசை, அது மாறும்.

பதில் (தென்காசி):
எஃப்எஸ்டேபில் அந்தப் பெயருக்குப் பதில் யூயூஐடி (UUID, வரிசை மாறினாலும் மாறாத அடையாள எண்) எழுதுங்கள், பிஎல்கேஐடி (blkid) கட்டளை அதைக் காட்டும். அப்புறம், ஃபார்மேட் செய்யும் முன் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் டிஸ்கின் அளவையும் பாருங்கள். பெயரை மட்டும் நம்பி என் தங்கை கல்யாணப் படங்களை அழித்திருக்கிறேன்.

கேட்டவர்:
யூயூஐடி எழுதினேன், பில்கள் வந்துவிட்டன. ரொம்ப நன்றி அண்ணாச்சி.