15 வெள்ளிக்காசுக்கு வாங்கியவளிடம் காதலை எதிர்பார்க்கலாமா?

மலைப்பாதை:
துரோகம் செய்த மனைவியை விலை கொடுத்து மீட்ட, பைபிளின் ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850களின் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகும் கிறிஸ்தவக் காதல் நாவல் ஒன்றை நேற்று முடித்தேன். விலைமாதர் விடுதிப் பெண்ணைப் பக்திமான் மணக்கிறான், அவள் ஓடுகிறாள், அவன் தேடிப் போகிறான். படித்தவர்கள் எல்லோரும் அழுதார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பைபிளில் ஓசியா 3:2-இல் அந்த மனைவியின் விலை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும். மாடு முட்டிய அடிமைக்கே யாத்திராகமம் 30 வெள்ளி ஈடு சொல்கிறது! விலை கொடுத்தவனிடம் அவள் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

ஞாயிறு வாசகி:
சகோதரரே, 'மீட்பு' என்பதே கொடுக்கல் வாங்கலில் பிறந்த சொல்தான். அடகு வைத்ததை மீட்கிறோம் அல்லவா? வறுமையால் தன்னை விற்றுக்கொண்டவனை உறவினன் பணம் கொடுத்து மீட்கலாம் என்கிறது லேவியராகமம் 25. நீங்கள் வெள்ளியை மட்டும் எண்ணுகிறீர்கள். எனக்கோ, காசு போதாமல் வீட்டிலிருந்த வாற்கோதுமையையும் அள்ளிக்கொண்டு ஓடுகிற ஒருவன் தெரிகிறான். (வசனம் இப்படிச் சொல்லவில்லை, என் ஊகம்தான்.)

மலைப்பாதை:
மீட்டபின் ஓசியா அவளை விட்டானா? 'அநேகநாள் எனக்காகக் காத்திரு' என்கிறான். அதிகாரத்தில் ஐந்தே வசனங்கள். அவள் பெயரும் இல்லை, பதிலும் இல்லை.

ஞாயிறு வாசகி:
வசனத்தைப் பாதியில் ஏன் வெட்டினீர்கள்? 'உனக்காக நானும் காத்திருப்பேன்' என்றல்லவா முடிகிறது! வாங்கிய பொருளுக்காக யார் காத்திருப்பார்கள்?

பழைய சுரங்கம்:
வரலாற்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் சட்டர் என்பவரின் மர அறுவை ஆலையில் தங்கம் கிடைத்தது. 1850 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள். அதனால் பெண்ணுக்கு விடுதியை விட்டால் கணவன்தான் கதி என்று இந்த நாவல்கள் எழுதிவிடுகின்றன. ஆனால் மணமான பெண்ணின் தனிச் சொத்துரிமையைக் கலிபோர்னியாவின் 1849 அரசியலமைப்பே ஏற்றிருந்தது. துணி வெளுத்தும் சமைத்துப் போட்டும் தங்கத்தூளாகக் கூலி வாங்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். ஓடிப்போனவள் ஒரு வருடம் அப்படிப் பிழைத்து, கையில் சொந்தக் காசோடு திரும்பி வருவதாக எழுதினால் உங்கள் 'மாட்டேன்' கேள்வி தீர்ந்துவிடுமே?

மலைப்பாதை:
தீரும். ஆனால் அவன் தேடிப் போகும் அத்தியாயம் அதில் இருக்கக் கூடாது.

ஞாயிறு வாசகி:
தேடாவிட்டால் அது ஓசியாவின் கதையே அல்ல. 99 ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனை என்ன செய்வீர்கள்?

மலைப்பாதை:
அந்த மேய்ப்பன் வரும் லூக்கா 15-இலேயே சற்றுக் கீழே வாருங்கள். சொத்தில் பங்கை வாங்கிக்கொண்டு போன இளைய குமாரனைத் தேடித் தகப்பன் வீட்டைவிட்டுப் போகவில்லை. மகன்தான் எழுந்து வந்தான்.

ஞாயிறு வாசகி:
அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டுவிட்டாரே! எத்தனை நாளாக அந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்?